மஞ்சள் துணியும் புளியம் விளாரும்

தம்பி,

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இன்று காலை புளியமரத்தை வெட்டினார்கள். பச்சை விளார் ஒடிந்தால் வரும் புளித்த வாசனை வீட்டுக்குள் வந்ததும் என் முதுகு தானாக வளைந்தது. எண்பத்தைந்து வயதிலும் முதுகு மறக்கவில்லை. நானும் மறப்பதாக இல்லை.

பிரெஞ்சு எல்லைச் சுங்கக் கேட்டை எடுத்த வருஷம் உனக்குப் பதினெட்டு. அப்பா அம்மா இல்லாத வீட்டில் நீயும் நானும்தான். ஆடியில் தூக்கம் உன்னை விட்டுப் போனது. ஓயாமல் பேசினாய். தனி ஆளாகக் கிணறு வெட்டத் தொடங்கினாய். சோறு தாமதமானதற்கு என்மேல் மண்வெட்டியை வீசினாய். தீமிதியில் எல்லோரும் ஒருமுறை இறங்கும் குழியில் நீ திரும்பத் திரும்ப இறங்கினாய். நம்ம ஊர் சோரியாங்குப்பமே உன் காலில் விழுந்தது. கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா உனக்கு மஞ்சள் துணி கட்டி, மாலை போட்டு, சாட்டையைக் கையில் கொடுத்தார். “கேட்டு போயிடும்” என்று அருள்வாக்கு சொன்னாய். ஐப்பசியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கியது, ஆற்றங்கரைச் சுங்கக் கேட்டும் போனது. அதன்பின் உன்னைத் தம்பி என்று கூப்பிடக்கூட ஊரார் என்னை விடவில்லை.

தை மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தாய். ஊட்டிய கஞ்சி வாய் ஓரமாக வழிந்தது. சாமி போன இடத்தில் பேய் குடியேறிவிட்டது என்று பெரியப்பா முடிவு கட்டினார். நான் கரும்பு வெட்டப் போயிருந்த ஒரு பகலில் உன்னை இழுத்துப் போய், உச்சிமுடியை வேப்பமரத்தோடு சேர்த்து ஆணி அடித்தார்கள். பேய் மரத்தில் தங்கிவிட வேண்டுமாம். நான் ஓடி வந்தபோது உன் முதுகில் விளார் விழாத இடம் இல்லை. நீ கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் செத்திருப்பாய்.

“இன்னாடி, சாமி காரியத்துல வெட்டுக்கத்தியத் தூக்கினு வர்ற?” என்றார் பெரியப்பா.

“அடிச்சா சாமி வரும்னா முதுகக் காட்டு பெரியப்பா, உனக்கு வருதா பாக்கலாம்.”

“இவளுக்கும் புடிச்சிகிச்சி” என்றாள் ஒருத்தி.

என்மேலும் விளார் விழுந்தது. பெரியப்பா என் கொண்டையைப் பிடித்தார். கத்தியைத் திருப்பி, அதன் மழுங்கிய பக்கத்தால் அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. உன் முடியை அறுத்து விடுவித்து, மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே இல்லாம ரொம்ப உற்சாகமா இருந்தானா?” என்று டாக்டர் கேட்டார். மஞ்சள் துணிக் கதையைச் சொன்னேன். “ஏறினதும் எறங்கினதும் ஒரே வியாதிம்மா. மாலை போட்டப்பவே கூட்டி வந்திருக்கணும்” என்றார்.

பேச்சு வந்ததும் நீ கேட்டாய்: “அப்போ நான் சொன்னதெல்லாம் பொய்யா யக்கா? கேட்டு போச்சே.”

“கேட்டு போவும்னு ஊரே சொல்லிச்சிடா. நீ கொஞ்சம் சத்தமா சொன்ன.”

சிரித்தாய். சிரித்துவிட்டு அழுதாய். சாமியாக இருந்தவன் நோயாளியாவது லேசா?

நான் எழுத்துக் கூட்டித் தானாகப் படித்தவள். உன்னையும் அப்படித்தான் படித்தேன். தூக்கம் குறைவதுதான் முதல் அடையாளம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுவடை நாளானாலும் விளக்கு வைத்ததும் உனக்குப் படுக்கை. கள் கிடையாது. தீமிதி கிடையாது. தெளிவாக இருந்த ஒருநாள் நீயே சொன்னாய்: “மறுபடி ஏறினா நான் ஒத்துக்க மாட்டேன் யக்கா. கட்டியாவது இட்டுனு போ.”

புதுச்சேரி முழுதாக இந்தியாவோடு சேர்ந்த ஆடியில் மறுபடி ஏறியது. கோணிப்போன கையில் மாலையோடு பெரியப்பா வந்தார். “சாமி திரும்பிடிச்சி, விடுடி அவன.” உன் கண் பளபளத்தது. அதைப் போட்டுக்கொண்டால் அடுத்த தையில் உன்னை அந்த மரத்தில்தான் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். நீ மாலையை வாங்கினாய். கழுத்துவரை கொண்டுபோனாய். பிறகு அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து என்னிடம் நீட்டினாய்.

“சீக்கிரம் கட்டு. மனசு மாறிடும்.”

வேட்டியால் கட்டினேன். பாகூர் தாண்டுவதற்குள் மனசு மாறிவிட்டது. கட்டிய கையாலேயே என் வாயில் குத்தினாய். ஒரு பல் போனது. நான் வண்டியைத் திருப்பவில்லை.

பின்னால் நல்ல மாத்திரைகள் வந்தன. பயிர் வைத்தாய், கல்யாணம் கட்டினாய், பேரன் பேத்தி பார்த்தாய். இடையிடையே ஏறியது, இறங்கியது. பெரும்பாலும் நீயே வந்து சொன்னாய்.

போன மாதம் பெரியப்பா பேரன்கள் வந்தார்கள். சாமி இருந்த உடம்பாம், உன்னை எரித்த இடத்தில் கல் நட்டுக் கும்பிட வேண்டுமாம். “வியாதி இருந்த உடம்பு. அதோட பொழச்சிக் காட்டினவன். கல்லு நட்டா புடுங்கிப் போடுவேன்” என்றேன். கிழவிக்கும் முற்றிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

போகட்டும். நீ சேர்த்து நீட்டிய அந்த இரண்டு கைகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை யாருக்கும் கும்பிடக் கொடுக்க மாட்டேன்.

உன் அக்கா