வெள்ளையணுவுக்கு வழி விடுங்கள்

விரலில் மைதாப் பசை வாசம் இன்னும் போகவில்லை. நம் கண்காட்சி மாதிரியில் ஒரு காகிதச் சங்கிலி அறுந்திருந்தது. இப்போதுதான் ஒட்டி முடித்தேன். அம்மா விழித்தால் விளக்கை அணைத்துவிடுவாள். நீ காய்ச்சலில் இறந்துபோன பிறகு, நான் சிநேகிதியை நினைத்து அழுகிறேனோ என்று அவளுக்கு எப்போதும் கவலை. நான் அழவில்லை. எனக்குப் பயமெல்லாம் நாளையை நினைத்துத்தான். விருதுநகரில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. நம் பள்ளியில் நடந்தபோது நீ பேசினாய், நான் குச்சியால் காட்டினேன். நாளை நானே பேச வேண்டும்.

இன்று ஒத்திகையில் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். "வேற யாரையாச்சும் பேச வைக்கவா?" என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

பள்ளிக் கண்காட்சி நினைவிருக்கிறதா? அம்மா பட்டாசுக்காக வீட்டில் சுருட்டும், வெடிமருந்து அடைக்காத சிவப்புக் காகிதக் குழாய்களை நான் கொண்டுவந்தேன். நீ அவற்றைக் கிளைகிளையாகக் கோத்து, வெள்ளையணு என்று எழுதிய பந்தில் தொங்கவிட்டாய். நடுவராக வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா இங்கன சரவெடியைத் தொங்கவிட்டது? மொதல்ல வெளிய எடுங்க."

"வெடிக்காது சார். இது சர்க்கரை" என்றாய்.

"சர்க்கரையா?"

"டீயில போடுறது இல்ல சார். பல சர்க்கரை ஒண்ணோட ஒண்ணு சேந்து கிளைவிட்ட சங்கிலி."

அவர் உள்ளே வந்தும் கடைசிவரை தள்ளியே நின்றார்.

எனக்கும் முதலில் புரியவில்லைதான். அந்தச் சங்கிலியைப் பிடித்த புரதம் ஏன் உடனே விட்டுவிடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அதைக் காட்டத்தான் ஒருநாள் தாயில்பட்டி பஸ்ஸில் நீ பின் சீட்டிலிருந்து எழுந்தாய். ஒரு கம்பியைப் பிடித்தாய், விட்டாய், அடுத்ததைப் பிடித்தாய். அப்படியே தள்ளாடித் தள்ளாடி முன்னால் போனாய்.

"ஏம்மா, பஸ் ஓடுறப்ப அங்கன எங்க போற? விழுந்து வச்சா நான்லா பதில் சொல்லணும்?" என்றார் கண்டக்டர்.

"வெள்ளையணு போகுதுண்ணே, வழி விடுங்க."

அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள். இப்போதும் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதுதானே விஷயம்? காயம் பட்ட இடத்தில், ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் சில புரதங்களை வெளியே நீட்டுகின்றன. ரத்தத்தில் ஓடிவரும் வெள்ளையணுவின் சர்க்கரைச் சங்கிலியை அவை நுனியில் பிடிக்கின்றன. எல்லாச் சங்கிலியையும் பிடிப்பதில்லை. நுனியில் எந்தச் சர்க்கரை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பிடிக்கும். பிடி லேசானது, சட்டென்று விட்டுவிடும். அதற்குள் பக்கத்துப் புரதம் பிடித்துக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் அணு உருளாது. பிடிக்கவே இல்லையென்றால் காயத்தைத் தாண்டிப் போய்விடும். விட்டு விட்டுப் பிடிப்பதால்தான் அது உருண்டு, வேகம் குறைந்து, இறங்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். எங்கும் நிற்காமல் முழுவதையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். பாதிக்கு மேல் நீ சொல்லும் விதம்தான். அது எப்போது என் வாய்க்கு வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை.

நாளை நான் நடுவர் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. எதிரில் நீ நிற்பதாக வைத்துக்கொண்டு உனக்குத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் மறந்துபோய் அந்தப் பெரிய மனிதரை, "ஏ பிள்ள, இங்கன பாரு" என்று கூப்பிட்டுவிட்டால், அதற்கு நீதான் பொறுப்பு.