முத்திரை விழாத டிராம் சீட்டு

அன்புள்ள அக்கா கெனோவெஃபாவுக்கு, க்ராக்கோவிலிருந்து உன் தம்பி போகுமில் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? இந்த ஊர் வெளியூர்க்காரனை உரித்துவிடும் என்று நான் அப்போதே சொன்னேனா இல்லையா? சந்தைச் சதுக்கத்தில் ஒரு காப்பி இருபது ஸ்லோட்டி. எனக்கு மட்டும் பாதி விலைக்குத் தருவார்கள்.

நேற்று டிராமில் ஒரு வெளியூர்க்காரன் மாட்டிக்கொண்டான். கம்பீரமான ஆள். ஆறு ஸ்லோட்டிக்குச் சீட்டு வாங்கியவன், பேச்சு சுவாரசியத்தில் அதை மெஷினில் விட்டு முத்திரை குத்த மறந்துவிட்டான்.

"சீட்டு வாங்கிட்டேனே சார்."

"வாங்கினா போதுமா? இதையே நாளைக்கும் காட்டுவீங்களே," என்றார் பரிசோதகர்.

முந்நூறு அபராதம். கிறிஸ்துமஸுக்கு ஊர் போக வைத்திருந்த பஸ் காசு, பாவம். நான்தான் மலிவுச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் பீட்ரூட் சூப் வாங்கித் தந்தேன்.

எனக்கு இந்த வருஷம் வேலை தலைக்கு மேல், வர முடியாது. பண்டிகை விருந்தில், திடீரென்று வரும் விருந்தாளிக்காக ஒரு காலித் தட்டு வைப்பாயே, அதை உன் பக்கத்தில் வை. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு.

தபால் நிலையத்தை மூடும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். அக்கா, அந்த வெளியூர்க்காரன் நான்தான்.

போகுமில்