பொட்டுக்குப் பின்னால எரிஞ்ச சிவப்பு லைட்

புதன்கிழமை, ராத்திரி.

ஆஸ்பத்திரிக் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணுற எங்க பிளான்ட்ல இன்னைக்கு ஸ்விட்ச் போர்டைத் துடைச்சேன். ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு காஞ்சு கெட்டியாக் கிடந்துச்சு. சுரண்டினா, உள்ள சிவப்பு லைட் எரியுது. தண்ணி மேல புற ஊதா வெளிச்சம் அடிக்கிற யுவி விளக்கு அணைஞ்சிருந்தா மட்டும் எரியுற லைட் அது.

பூஜைக்கு எல்லாத்தையும் நிறுத்தினோம். மறுநாள் மோட்டாரைப் போட்டோம், குளோரினைத் திறந்தோம். யுவியை மறந்துட்டோம். குளோரின் வாடை அடிச்சதால எல்லாம் ஓடுதுன்னே நினைச்சிருக்கோம். நோயாளிங்க உடம்புலேருந்து வாற ஆன்டிபயாட்டிக் வெறும் குளோரினுக்கு முழுசா அழியாது. அந்த யுவி வெளிச்சமும் சேர்ந்து படணும்.

கூட வேலை பாக்குற செல்லையா அண்ணாச்சிகிட்ட சொன்னேன். "சத்தம் போடாதலே. இப்பந்தான் சுவிட்சைப் போட்டாச்சுல்லா?"ங்காரு. "இத்தனை நாள் தண்ணி வெளிய போயிருச்சே அண்ணாச்சி"ன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அவருக்கென்ன!

அந்தத் தண்ணி விழுற ஓடையிலதான் எம் மவ கால் புண்ணோட விளையாடுவா. "சுத்தம் பண்ணின தண்ணிதான், போ மக்கா"ன்னு நானே விட்டேன். மருந்து கலந்த தண்ணியில பழகின கிருமி அப்புறம் அந்த மருந்துக்குச் சாகாதுன்னு டிரெயினிங்ல சொன்னது இப்ப மண்டைக்குள்ள சுத்துது.

புண்ணு சீழ் வச்சிருக்கு. முந்தாநாள்லேருந்து காய்ச்சல். டாக்டர் குடுத்ததும் ஆன்டிபயாட்டிக்தான். படுக்கும்போது ஒரு மாத்திரை குடுத்தோம்.

"காய்ச்சல் விட்டிருக்கான்னு தொட்டுப் பாருங்க"ன்னு எம் பொண்டாட்டி உள்ளேருந்து சொல்லுதா. எழுதி முடிச்சிட்டு வாரேன்னு சொன்னேன். இன்னும் எழுதிக்கிட்டே இருக்கேன்.