வெர்லினின் கைக்கு ஏற்றது

பிப்ரவரி 9, 2014, ஞாயிறு

காலையிலிருந்து பனி. சர்ச்சுக்குப் போகவில்லை. என் புருஷன் வெர்லினும் அவன் சிநேகிதன் டுவேனும் கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அந்த ஓட்டை ஹோண்டாவோடு மல்லுக்கட்டினார்கள். ஜூனில் பந்தயம். கிழட்டுக் கார்களை மட்டும் வைத்து, ஆள் மாறி ஆள் நாள் முழுக்க ஓட்டுகிற பந்தயம். கல்யாணமான புதிதிலிருந்து நான் பார்க்கிற கோடை எல்லாம் இதுதான்.

புது இருக்கை போட்டிருக்கிறார்கள். கார் உருண்டால் ஆளைக் காக்கிற கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே அது அகலமாக உட்கார்ந்துகொண்டதில், ஸ்டியரிங் இருக்கும்வரை உள்ளே நுழையவே முடியவில்லை. அதனால் ஸ்டியரிங்கை ஒரே இழுப்பில் கழற்றி மாட்டுகிற ஹப் ஒன்று வேண்டும். எதை வாங்குவது? காபி கொண்டுபோனபோது அந்தச் சண்டைதான்.

"மலிவா ஒண்ணு போதும்டா. காரே ஓட்டை" என்றான் வெர்லின்.

"கார் ஓட்டையா இருக்கட்டும். வளைவுல ஸ்டியரிங் கையோட வந்துட்டா உன் பொண்டாட்டிகிட்ட நான் என்னன்னு சொல்றது?" இது டுவேன்.

"இன்சூரன்ஸ் பேப்பர் எந்த டிராயர்ல இருக்குன்னு சொல்லு, போதும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 12

மூடி திறக்காத ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு, தனக்கு வேண்டாம் என்றான். வேண்டாமா? வெர்லினுக்கா?

பிப்ரவரி 21, வெள்ளி

மேடிசனில் டாக்டரைப் பார்த்தோம். கை பலம் குறைகிறதென்று போன வாரம் எடுத்த சோதனையின் முடிவு வந்துவிட்டது. தசை தேய்கிற நோய். முதலில் விரல்கள், பிறகு தொடைகள். மெதுவாகத்தான் முற்றும் என்றார், ஏதோ நல்ல செய்தி போல. மருந்து என்று ஒன்றும் இல்லையாம். வெர்லின் தலையாட்டிக்கொண்டே இருந்தான். டயர் கடைக்காரன் பேசுவதைக் கேட்பதுபோல.

வருகிற வழியில், வெள்ளிக்கிழமை வழக்கப்படி பொரித்த மீன் சாப்பிட ஓட்டலில் நிறுத்தினோம். முள்கரண்டியைக் குழந்தை மாதிரி முஷ்டியில் பிடித்தான். இவ்வளவு நாளாக இப்படித்தான் பிடிக்கிறானா? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

"டுவேனுக்குத் தெரிய வேணாம். ஜோலீனுக்கும் சொல்லாத. ஜூன் முடியட்டும்."

"அப்ப ஜூன்ல ஓட்டப் போறியா?"

"கை இன்னும் என்கிட்டதான இருக்கு, மார்லிஸ்."

மகளிடம் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். மீன் ஆறிப்போயிருந்தது.

மார்ச் 2

மலிவு ஹப் வந்தது. டுவேன் அதில் ஸ்டியரிங்கை மாட்டி இப்படியும் அப்படியும் அசைத்தான். "ஏழு வயசுப் பையன் பல்லு மாதிரி ஆடுது. இத நம்பி நான் ஓட்ட மாட்டேன்." திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெர்லினுக்கு வருத்தம். அதன் நடுவில் ஒரு பொத்தான், கட்டைவிரலால் அழுத்தினால் கழன்றுவிடும். அதற்காகத்தான் பிடிவாதமாக அதைக் கேட்டிருக்கிறான். அது எனக்கு மட்டும் தெரியும்.

மார்ச் 15, சனி

இரண்டாவது ஹப். கனமானது, துளிகூட ஆட்டமில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு வளையம். விரல்களை மடக்கி அதைத் தன் பக்கம் இழுத்தால் கழன்று வரும். பந்தயக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருப்பார்களாம். டுவேனுக்கு ஒரே சந்தோஷம், டக் டக்கென்று கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தான்.

வெர்லின் கையுறை போட்டு உட்கார்ந்தான். இழுத்தான். வளையம் வரவில்லை. மறுபடி. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி.

"கையுறை வழுக்குது" என்றான்.

"புதுசுல்ல, இறுக்கமா இருக்கும். எண்ணெய் போடறேன்" என்றான் டுவேன்.

நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

மார்ச் 16

சண்டை. உள்ள தீப்பிடிச்சா நீ என்ன பண்ணுவேன்னு கேட்டேன். அந்த வளையத்த உன்னால இழுக்க முடியலன்னா நீ உள்ளயே கிடப்பே, நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு இருக்கணுமா — அப்படித்தான் கத்தினேன். "தீப்பிடிக்காது"ன்னான். எப்படித் தெரியும்? அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் மெதுவாக, "இத மாத்துன்னு சொன்னா டுவேன் ஏன்னு கேப்பான்" என்றான். தீயை விட அதற்குத்தான் பயப்படுகிறான்.

மார்ச் 23

வேலையில் ஆள் இல்லாத நேரத்தில் ஹப் விற்கிறவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஸ்டியரிங் ஹப் தேடுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். ஒன்று கிடைத்தது. பின்னால் அகலமான தட்டு. விரலே வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினால் போதும். இரவு வெர்லினிடம் படத்தைக் காட்டினேன். "கிழவங்க வாங்கறது" என்றான். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

ஏப்ரல் 5

வந்துவிட்டது. மாட்டியாயிற்று. கையுறை தடிமனாக இருப்பதால் தனக்கு இதுதான் வசதி என்றான் வெர்லின். டுவேன் தட்டை அழுத்திப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். "கெட்டியாத்தான் இருக்கு. இதையே வச்சுக்குவோம்." அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வியும் இல்லை.

வெர்லின் இடது உள்ளங்கையால் தள்ளி, வலது முழங்கையை ஸ்டியரிங்குக்குள் கோத்து இழுக்கிறான். வந்துவிடுகிறது. இரவு சாப்பாட்டின்போது பந்தயப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் மேசைத் துணியில் வரைந்து காட்டினான். இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 19, சனி

எழுதிவிட வேண்டும்.

வெயில் அடித்ததால் காரை வாசலுக்குத் தள்ளிவந்தார்கள். தீப்பிடித்தால் ஓட்டுநர் சில நொடிகளுக்குள் வெளியே வர வேண்டும் என்பது விதி. அதற்குத்தான் ஒத்திகை. டுவேன் கடிகாரத்தோடு நின்றான். "போ" என்றான்.

உள்ளங்கை பட்டதும் ஸ்டியரிங் கழன்றது. ஜன்னல் வழியாகப் புல்லில் வீசினான். இருக்கை வார் கழன்றது. எல்லாம் சரி. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

பிறகு எழுந்திருக்கவில்லை.

கூண்டுக் கம்பியில் முழங்கையை ஊன்றினான். உடம்பு கொஞ்சம் மேலே வந்தது, திரும்ப இறங்கிவிட்டது. மறுபடி ஊன்றினான். தொடை நடுங்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கையை மட்டும்தானே நினைத்தோம். கால்களை யார் நினைத்தது?

டுவேன் கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டான். போய் வெர்லினின் அக்குளில் கை கொடுத்தான்.

"விடு."

"விட மாட்டேன்."

"விடுடா, நானே வருவேன்."

"வரமாட்டே, வெர்ல். பனி விழுந்த நாள்லேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன். ஸ்பேனர ரெண்டு கையால பிடிக்கற. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

வெர்லின் கம்பியிலிருந்து முழங்கையை எடுத்தான். "அப்ப இந்த ஹப்ப ஏன் சரின்னே?" என்றான்.

"உன் கைக்கு ஏத்தது அதுதான."

இருவரும் சேர்ந்து அவனை வெளியே எடுத்தோம். புல்லில் உட்கார்ந்து அழுதான். எங்கள் மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. டுவேன் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஜோலீன் வந்தாள். சொன்னோம். அப்பாவின் தட்டில் இருந்த பன்றித் தொடையை துண்டு துண்டாக நறுக்கினாள். அவனும் தடுக்கவில்லை.

மே 10

வெர்லின் இடத்தில் ஷீபாய்கன் ஊர்க்காரன் ஒருவன் ஓட்டப் போகிறான். பெயர் கர்ட். நல்ல பையன், ரொம்ப உயரம். அந்தத் தட்டு அவன் முழங்காலில் இடிக்கிறது. சொல்லவே கூச்சப்பட்டான்.

"வளையத்தயே திரும்ப மாட்டு, டுவேன்" என்றான் வெர்லின். "ஓட்டறவன் கைக்கு எது வாகோ அதுதான் சரி."

ஸ்டூலில் உட்கார்ந்து, எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று டுவேனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கழற்றிய ஹப் பெஞ்சில் கிடந்தது. திருப்பி அனுப்பிவிடலாமே என்றேன். டுவேன் அதைத் துடைத்து அலமாரியில் வைத்தான்.

ஜூன் 14, சனி

பந்தயம். மழை தூறிக்கொண்டே இருந்தது. வெர்லின் பாதையோரச் சுவரருகே நாற்காலி போட்டு, ரேடியோவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க டுவேனோடும் கர்ட்டோடும் பேசினான். எங்கே ஈரம், எவனுக்கு வழி விடுவது, எப்போது பெட்ரோலுக்கு உள்ளே வருவது. அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது. கார் கண்ணை விட்டு மறைகிற நேரத்தில் மட்டும் நான் அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

வரிசையில் நடுவில் எங்கேயோ முடித்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார் உடையவுமில்லை.

கிளம்பும்போது எங்கள் டிரக்கின் சாவியை என் கையில் போட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினான். இதுவரை அவன் பக்கத்தில் இருக்க நான் ஓட்டியதே இல்லை. ஏரியைச் சுற்றி வருகிற சாலை. முதல் வளைவைத் தாண்டியதும் சொன்னான்:

"லேட்டா திருப்பற."

"எப்பன்னு நீ சொல்லு."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வளைவு வந்தது.

"இப்ப" என்றான். திருப்பினேன்.