நடுவில் தையல் ஓடும் படம்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் முழங்கால் தேவலை, சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அது எனக்குச் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடுங்க என்பாள். அதனால் கடைக்கு வந்து, துணி வெட்டுகிற மேஜையில் வைத்து எழுதுகிறேன். தாளில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

போன வாரம் ஏலக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மணி, டிரைவரைக் கூட்டிக்கொண்டு, போர்வை சுற்றிய ஒரு பெரிய படத்தோடு வீட்டுக்கு வந்தாள். நீ பிறப்பதற்கு முன் அம்மா வரைந்தது. ஒரு கறுப்பு முக்கோணம், அதை இடித்துக்கொண்டு ஒரு சிவப்புச் சதுரம், கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, மூலையில் காசு அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம், அவ்வளவுதான். முதல் கண்காட்சியிலேயே ஒரு பல் டாக்டர் வாங்கிப் போனார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்கிறார்கள், படம் ஏலத்துக்கு வந்திருக்கிறது. அதில் கையெழுத்து இல்லை. அந்த வயதில் அம்மா கையெழுத்துப் போட மாட்டாள், பார்த்தாலே என்னோடதுன்னு தெரியணும் என்பாள், அவ்வளவு திமிர். அதனால் இது என் படம்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வந்திருந்தார்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், இது நான் வரைஞ்சது இல்லீங்களே என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டாள்.

அது அவளுடையதுதான் சுண்டு, அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. அவ்வளவு அகலத்துக்கு அன்று கேன்வாஸ் கிடைக்காமல் இரண்டு துண்டை நான்தான் மிஷினில் சேர்த்துக் கொடுத்தேன். படத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை என் தையல் ஓடுகிறது, பேன்ட்டுக்குப் போடுகிற அதே இரட்டைத் தையல், என் கை எனக்குத் தெரியாதா? கோடு போடுகிறேன் என்று என் மர ஸ்கேலை எடுத்துப்போய்ப் பெயின்ட் பூசிப் பாழாக்கினாள், அதற்கு ஒரு வாரம் பேசாமல்கூட இருந்தோம். ஏலக்கார அம்மணி தங்கமான பெண், அவசரமில்லீங்க, அம்மா நல்லா யோசிக்கட்டும், வியாழக்கிழமை வர்றோம் என்று சொல்லி ஒரு போட்டோவை மட்டும் கொடுத்துவிட்டுப் படத்தை எடுத்துப் போனாள். அம்மா தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் ஏலத்திலிருந்து எடுத்துவிடுவார்களாம். எடுத்தால் எடுக்கட்டும், அது பல் டாக்டர் பிள்ளைகள் பாடு, என் கவலை அதுவல்ல.

கொஞ்ச நாளாகவே பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், விடு. ஆனால் எத்தனையோ வருஷமாக இருக்கிற எதிர்வீட்டு நர்ஸைப் பார்த்து, புதுசா குடி வந்திருக்கீங்களா என்று கேட்டாள். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தது, நான் எங்கேயோ பார்க்கிற மாதிரி நின்றேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இன்னொரு பக்கம் ஓர் அற்ப ஆசை, பழைய படம் பிடிக்காமல் வேண்டுமென்றே கை கழுவுகிறாளோ என்று. செய்யக்கூடியவள்தான், பேங்கில் மாட்டியிருந்த தன் படத்தையே பார்த்து, யாருங்க இந்தக் கண்றாவிய வரைஞ்சது என்று மேனேஜரிடம் கேட்டவளாயிற்றே. பொண்டாட்டி பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட புருஷன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போட்டோவை வைத்துக்கொண்டு, இது உன் படம்தாம்மா, என் தையலைப் பாரு என்று சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ம் என்பாள், வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். டிரைவர் படத்தைச் சுவரில் சாய்த்ததுதான் தாமதம், தம்பி, தலைகீழா வெச்சிருக்கீங்க, திருப்புங்க என்றாள் அம்மா. சாம்பல் பட்டைதான் தரை, அது இல்லேன்னா முக்கோணத்துக்கு நிக்க இடமில்ல, சிவப்பு வந்து மோதுறதே தெரியாது என்றாள். இந்த மஞ்சள மறைச்சுப் பாருங்க, படம் செத்துடும் என்று உள்ளங்கையால் மூடிக் காட்டினாள். அம்மணியும் தன் கையால் மூடிப் பார்த்துவிட்டு அசந்து போய் நின்றாள். என்னோடதுதான் என்று சொல்லி, நீட்டிய தாளில் அம்மா கையெழுத்தும் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி வரைக்கும் போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தேன்.

பார்த்தியா, ஞாபகம் வந்துடுச்சுல்ல என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நீங்கதானே நாலு நாளா என் படம்னு சொல்றீங்க, நீங்க எதுக்கு எங்கிட்ட பொய் சொல்லப்போறீங்க, அதான் கையெழுத்துப் போட்டேன் என்றாள். அப்போ அந்த மஞ்சள், தரை எல்லாம் என்றேன். அது பார்த்தாலே தெரியுதேங்க, யார் வரைஞ்சாளோ, கெட்டிக்காரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் கையைப் பிடித்து, சுண்டுகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா என்றாள்.

சொல்லிவிட்டேன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நான் தனியாக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், என்ன ஏது என்று அவர் சொல்லட்டும். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. வா அம்மாடி, லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது வா, ஆனால் சீக்கிரம் வா. போனில் பேசும்போது ஞாபகம் இருக்காம்மா என்று மட்டும் அவளிடம் கேட்காதே, நான் கேட்டுக் கேட்டு அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதம் வந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. எப்போதும் போலச் சண்டை போடு, பிள்ளைகளின் வாலுத்தனத்தைச் சொல்லிச் சிரிக்க வை. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வந்து இறங்கியதும் வாசலில் நின்று, அம்மா நான் சுண்டு வந்திருக்கேன் என்று நீயே முதலில் சொல்லிவிடு, அவள் யாரென்று கேட்கும்படி விட்டுவிடாதே.

உன் அப்பா