பொயிலர் அறையின் காற்றுத்துளை

1986 தை, செவ்வாய் இரவு. இக்காஸ்ட், டென்மார்க்.

என் கணவர் துணி ஆலையில் இரவில் பொயிலர் பார்க்கிறவர். பின்னேரம் வேலைக்கு வெளிக்கிடேக்கை சொன்னார்: "சுவர் ஓட்டையாலை ஒரே குளிர்காத்து. இண்டைக்கு என்ரை பழைய சாரத்தைச் சுருட்டி அடைக்கப்போறன்."

"ஐயோ, அது நெருப்புக்குக் காத்து வர விட்டதப்பா. அடைச்சால் நச்சுப்புகை உள்ளுக்கை நிண்டிடும்."

"உம்மட கெமிஸ்ரியைக் குசினியிலை வைச்சிரும்!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மூன்று தரம் ஆலைக்கு ரெலிபோன் எடுத்துவிட்டேன். மணி அடிக்கிறதே தவிர ஒருவரும் எடுக்கவில்லை. கீழ்வீட்டு டெனிஷ்காரரை எழுப்பி, கையால் காட்டி விளங்கப்படுத்தினேன். அவர் காரில் இவரைக் கூட்டிவரப் போயிருக்கிறார். சின்னவள் நித்திரை. அவளை விட்டிட்டு நானும் போகேலாமல் போச்சு. சும்மா இருக்க ஏலாமல் எழுதுகிறேன்.

கார் வந்து நிக்குது. ஒரு கதவு சாத்துகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.