மூன்று விரல் அகலம்

மார்ச் 3
கடையில் கொட்டாவி விட்டேன். வாய் பாதியிலேயே நின்றுவிட்டது. காதுக்கு முன்னால் 'டக்' என்றது, அப்புறம்தான் மூடியது. பட்டன் தைக்கிற அக்கா, "என்னடி, வாய்க்குள்ள தாழ்ப்பாள் போட்டு வச்சிருக்கியா?" என்றாள். மத்தியானத்துக்குள் தையல் கடை முழுக்க என் பேர் தாழ்ப்பாள்.

மார்ச் 5
அளவெடுக்கிற அக்கா மாதக் கடைசியில் பிரசவத்துக்குப் போகிறாள். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "உனக்குக் கை சுத்தம். முன்பக்கம் வந்து நீ அளவெடுக்கிறியா?" என்றார்.

அளவெடுத்துவிடுவேன். ஆனால் எடுத்த அளவை, பத்து மிஷின் சத்தத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற கட்டிங் மாஸ்டருக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அங்கேயும் பேர் கூப்பிட்டால் கையைத்தான் தூக்குவேன்.

ஆசையாக இருக்கிறது. ரொம்ப ஆசை.

"வாய் வலிக்குதும்மா" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

"அப்போ டாக்டர்கிட்ட காட்டு. மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறேன்."

மார்ச் 8
பல் டாக்டரிடம் போனோம். அம்மா உட்காரும் முன்பே, "தாடையை அறுப்பீங்களாம்மா? எதிர்வீட்டுக்காரி சொன்னா" என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அது கடைசிப் படி. முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கமே போக வேண்டியதில்ல."

மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். ஒன்றரைதான் போயிற்று. பிறகு கேட்டார்: "சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கா?"

"எல்லாருக்கும் அப்படித்தானே?"

"இல்லம்மா. உதடு சேரலாம். பல் சேரக்கூடாது."

பதினேழு வருஷம் இது தெரியாமலா வாழ்ந்தேன்?

"இவ குண்டூசியெல்லாம் பல்லுலதான் வச்சிருப்பா" என்று அம்மா போட்டுக் கொடுத்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மிருதுவான சாப்பாடு. இரண்டு வேளை வெந்நீர்த் துணி ஒத்தடம். நாக்கை அண்ணத்தில் ஒட்டியபடி மெல்ல வாய் திறக்கும் பயிற்சி. தூங்கும்போது பல்லில் மாட்ட ஓர் உறை. வாயில் ஊசி கூடவே கூடாது.

மார்ச் 9
பல் விஷயத்தைப் பட்டன் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். பத்தே நிமிஷத்தில் மொத்தக் கடையும் உதட்டை மூடி, பல்லைப் பிரித்து உட்கார்ந்து பார்த்தது. ஒரு மிஷினும் ஓடவில்லை. முதலாளியம்மா உள்ளே வந்து, "என்ன, யாராவது போயிட்டாங்களா?" என்றார். நான்தான் முதலில் சிரித்தேன். டக்.

மார்ச் 12
விரலில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாய் எவ்வளவு திறக்கிறது என்று டேப்பில் அளந்தேன். 2.6 செ.மீ.

மார்ச் 15
உறை வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு 'சீப்பு' என்றால் 'ஷீப்பு' என்று வருகிறது. அப்பா, "இன்னொரு தடவ சொல்லு" என்கிறார். தினமும்!

மார்ச் 18
3.4.

மார்ச் 20
அவசர ஆர்டர். என்னை அறியாமல் ஆறு குண்டூசி வாய்க்குள். சாயங்காலம் நெற்றிப்பொட்டு வரை வலி. 2.9. எல்லாம் போச்சு. ஏன் இப்படிப் பண்றேன் நான்?

தெரியும். வாயில் ஊசி இருந்தால் யாரும் என்னிடம் பதில் கேட்க மாட்டார்கள்.

மார்ச் 21
கட்டிங் மாஸ்டர் வெல்வெட் வெட்டுத் துண்டில் பஞ்சு அடைத்து, எலாஸ்டிக் வைத்து, என் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். "ஊசிக்கு இனி இதுதான் வீடு. உன் வாயை வாடகைக்கு விடாத."

மத்தியானம் பட்டன் அக்காவும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 28
3.9! மூன்று விரலும் போயிற்று, கொஞ்சம் இறுக்கமாக. டக் சத்தம் எப்போதாவது வரும். வலி இல்லாவிட்டால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். முதலாளியம்மாவிடம் நானே போய், "வர்றேம்மா" என்றேன்.

ஏப்ரல் 1
முதல் அளவு. "தோள் பதினாலு."

"கேக்கல!" என்றார் மாஸ்டர்.

"தோள் பதினாலு!"

"யாரோ காத்துல பேசுறாங்கப்பா!"

கோபம் வந்துவிட்டது. "தோள் பதினாலுஉஉ! காது இருக்கா இல்லையா?"

மிஷினெல்லாம் நின்றது. "தாழ்ப்பாள் திறந்துடுச்சு!" என்று பட்டன் அக்கா கை தட்டினாள். அளவு கொடுக்க நின்ற அம்மாள் பயந்தே போனார்.

ஏப்ரல் 6
இன்று பதினொரு பேர். தொண்டை கட்டிவிட்டது. அம்மா வெந்நீர் கொடுத்து, "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இரு" என்றாள். இந்த வீட்டில் என்னைப் பார்த்து இதை யாரும் சொன்னதே இல்லை.

டேப் இன்னும் கழுத்திலேயே தொங்குகிறது. நாலு நாளாக வாயை அளக்கவே மறந்துவிட்டேன்.